கணக்குப் புலி வேறு, கணித மேதை வேறு: சேலம் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு பக்கத்துப் பெற்றோரும் கணக்கு வாத்தியார்களும் கேட்கிற கேள்விகள் இவை. "எந்த நாட்டுக்காரனுக்குக் கணக்கு வரும்?" என்று தொடங்கும் பேச்சு கடைசியில் "என் பிள்ளைக்கு வருமா?" என்றுதான் வந்து நிற்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

இந்தியர்களுக்குக் கணக்கு ரத்தத்திலேயே ஊறியது என்கிறார்களே, உண்மையா?

வெளிநாட்டில் கிளம்பிய பேச்சு அது. கேட்டுக் கேட்டு நாமும் நம்பிவிட்டோம்.

அமெரிக்காவில் 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியது. அதற்குப் பிறகு இங்கிருந்து போனவர்களில் பெரும்பகுதி டாக்டர், இன்ஜினியர், ஆராய்ச்சி மாணவர். அவர்கள் பிள்ளைகள் அங்கே கணக்கில் முன்னே நிற்பதைப் பார்த்து "இந்தியர்களே இப்படித்தான்" என்றார்கள். லீ பஜாரிலிருந்து முதல் தர மல்கோவாவை மட்டும் பொறுக்கிப் பெட்டி கட்டி அனுப்பினால், வாங்குகிறவர் சேலத்து மாமரம் எல்லாம் இப்படியே காய்க்கிறது என்று நினைக்கத்தானே செய்வார்? (ஒப்புமை இதோடு முடிகிறது. இங்கே தங்கிவிட்டவை எல்லாம் வெம்பல் அல்ல. பொறுக்குகிறவர் கை படாதவையும் அதில் உண்டு.)

பொறுக்காமல் எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளில் ஒரே தாளில் சோதிக்கும் பீசா தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. கணக்கில் வளர்ந்த நாடுகளின் சராசரி 496, ஷாங்காய் 600, தமிழ்நாடு 351. பட்டியலில் கிட்டத்தட்ட அடிமட்டம். அடுத்த இரண்டு சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. அதே இந்தியா 2024-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் நான்கு தங்கம் வாங்கி நான்காம் இடம் பிடித்தது. ஒன்று லட்சக்கணக்கான பிள்ளைகளின் சராசரி, மற்றது ஆறு பேர் செய்த வேலை. இரண்டையும் ஒரே வாயில் "இந்தியக் கணித மூளை" என்று சொல்ல முடியாது.

சீனர்களுக்கு மொழியே கணக்குக்குத் தோதாக அமைந்திருக்கிறதாமே?

ஓரளவு. சீனத்தில் பதினொன்று என்பது "பத்து ஒன்று", இருபத்து மூன்று என்பது "இரண்டு பத்து மூன்று". ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வில் பத்து எங்கே இருக்கிறதென்று குழந்தைக்குத் தெரியாது. எண்ணக் கற்கும் வயதில் இது ஒரு சின்ன அனுகூலம், அவ்வளவுதான். தமிழும் இதில் சளைத்ததல்ல. பதினொன்று, பதின்மூன்று, இருபத்தைந்து எல்லாம் உடைத்தால் உள்ளே தெரியும். இடறுவது ஒன்பதின் குடும்பம்தான்: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். பெயரில் நூறு ஒலிக்கிறது, எண்ணோ தொண்ணூறு. முதல் வகுப்புப் பிள்ளை எண்பத்தொன்பதுக்கு அடுத்து நின்று விழித்தால் அது மூளைக் கோளாறல்ல, அந்தச் சொல்லின் கோளாறு.

சீனாவிலும் மேதை தானாகத் தெரியவில்லை. நடுநிலைப் பள்ளிக்கு மேல் படிப்பைத் தொடர முடியாமல் அப்பாவின் சின்னக் கடையில் நின்றவர் ஹுவா லோகெங். 1930-ல் ஒரு இதழில் அவர் எழுதிய கட்டுரை பெய்ஜிங் சிங்குவா பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைத் தலைவர் கண்ணில் பட்டது. கூப்பிட்டு வேலை கொடுத்தார். அந்த இதழை அவர் புரட்டாமல் போயிருந்தால் கடைக்காரர் கடைக்காரராகவே இருந்திருப்பார்.

ஹங்கேரி போன்ற சின்ன நாட்டிலிருந்து எப்படி இத்தனை கணித மேதைகள்?

வான் நாய்மன், எர்டோஷ், போல்யா, செகோ என்று ஒரு தலைமுறை வரிசையாக வந்தது. "வேற்றுக் கிரகவாசிகள்" என்று வேடிக்கையாகவே சொன்னார்கள். கிரகத்தில் ஒன்றுமில்லை. 1894-ல் அங்கே இரண்டு காரியம் நடந்தது.

ஒன்று, பள்ளி மாணவர்களுக்கான கணித மாத இதழ். மாதாமாதம் கணக்குகள் போடுவார்கள். மாணவர்கள் விடையைத் தபாலில் அனுப்புவார்கள். சரியாகச் செய்தவர் பெயரும் நல்ல தீர்வும் அச்சில் வரும். ஊர்க்கோடிப் பள்ளியில் படிக்கும் பையனின் பெயரைத் தலைநகரில் பேராசிரியர் பார்ப்பார். மற்றது, பள்ளி முடித்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டி. மூன்றே கணக்கு, நான்கு மணி நேரம், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் திறந்திருந்தும் பயன்படாத கணக்காக இருந்தால்தான் அது கணக்கு என்பது அவர்கள் கொள்கை. 1898-ல் கார்மானும் 1912-ல் செகோவும் இதில் வென்று வெளியே தெரிந்தவர்கள்.

வான் நாய்மனின் பள்ளி ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ், இந்தப் பையனுக்கு வகுப்புப் பாடம் போதாது என்று வீட்டாரிடம் சொல்லிப் பல்கலைக்கழகக் கணிதர்களிடம் சேர்த்துவிட்டார். தன் வகுப்பில் இருக்கிறவன் தன்னைத் தாண்டிவிட்டான் என்று ஒப்புக்கொள்ள ஒரு வாத்தியாருக்கு நெஞ்சு வேண்டும். மேதைகள் எண்ணிக்கையை ஒரு நாட்டில் கூட்டுவது இந்த மாதிரி ஏற்பாடுகள்தான்.

ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் கணித பாணி உண்டு என்பது?

பெரிய ஆட்களே சொல்லிக் கெட்ட விஷயம் இது. 1893-ல் அமெரிக்காவில் பேசிய ஜெர்மன் கணிதர் ஃபெலிக்ஸ் க்ளைன், இடத்தைக் கற்பனையில் காணும் உள்ளுணர்வு ஜெர்மானிய இனத்துக்கு அதிகம், தர்க்கக் கறார் லத்தீன், யூத இனத்தாருக்கு அதிகம் என்றார். 1915-ல், முதல் உலகப் போர் நடுவே, பிரான்சின் இயற்பியலாளர் பியர் துயெம் நேர்மாறாகச் சொன்னார்: ஜெர்மானியர் வறட்டு தர்க்கக்காரர்கள், உள்ளுணர்வு பிரெஞ்சுக்காரருடையது. ஒரே இனம்தான். 22 ஆண்டில் குணம் தலைகீழாகிவிட்டது!

பிறகு அது வேடிக்கையாக இல்லை. 1933 நவம்பரில், நாஜி ஆட்சியில், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் எட்மண்ட் லாண்டாவ் வகுப்புக்குள் மாணவர்கள் போகாதபடி தடுத்தார்கள். அவர் யூதர், அவர் கற்பிக்கும் பாணி ஜெர்மன் பாணி அல்ல என்பது குற்றச்சாட்டு. முன்னின்று தடுத்த டைக்முல்லரும் நல்ல கணிதர்தான் என்பது கசப்பான சேதி. அடுத்த ஆண்டு பெர்லின் கணிதர் பீபர்பாக் இதையே கொள்கையாக எழுதினார். அதே கோட்டிங்கனின் யூதக் கணிதர் எம்மி நோய்தர் அதற்கு முன்பே வேலையிழந்திருந்தார்.

மாஸ்கோவில் முறை வேறு. 1970-களில் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை நுழைவுத் தேர்வில், யூதப் பெயர் கொண்டவர்களுக்கென்றே வாய்மொழிக் கணக்குகள் வைத்திருந்தார்கள். விடை இரண்டு வரிதான் இருக்கும், ஆனால் இருபது நிமிடத்தில் யாருக்கும் தோன்றாது. சவப்பெட்டிக் கணக்கு என்று பெயர். மேல்முறையீடு செய்தால் "இவ்வளவு எளிய விடை, இது கூடத் தெரியவில்லையே" என்று காட்டிவிடலாம். கணக்கு பொய் சொல்லாது என்பார்கள். கேட்கிறவர் நினைத்தால் சொல்ல வைக்கலாம்.

ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் சொன்னதுதானே எல்லாம்?

நாமகிரித் தாயார் கோயில் இருக்கும் நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் இந்தக் கேள்வி இங்கே கொஞ்சம் உரிமையோடேயே வரும். அவருக்கும் அவர் அம்மா கோமளத்தம்மாளுக்கும் தாயார் குலதெய்வம், பக்தி உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "கிழக்கத்திய ஞானி, காரணம் தெரியாமல் விடை கண்டவர்" என்ற படம் அவருக்குச் செய்யும் அநியாயம். அவருடன் ஐந்து ஆண்டு பழகிய கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியே அந்தப் படத்தை மறுத்தார். சேர்ந்து தேநீர் குடித்து அரசியலோ கணக்கோ பேசக்கூடிய, பகுத்து யோசிக்கிற மனிதர், அவர் பெரிய கணிதராகவும் இருந்தார் என்பதுதான் ஹார்டி சொன்னது.

நிரூபணம் ஏன் நோட்டில் இல்லை? மூன்று காரணம். முதலாவது, பள்ளி நாட்களில் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூல் ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாகத் தந்தது, நிரூபணத்தைப் பெரும்பாலும் தரவில்லை. எழுத்துப் பாணி அதிலிருந்து வந்தது. இரண்டாவது, காகிதம் விலை. பலகையில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். மூன்றாவது, நிரூபணம் வேண்டும் என்று கேட்கிற ஆள் பக்கத்தில் இல்லை.

அவர் எப்படிக் கண்டுகொள்ளப்பட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைக் கைவிட்டதால் உதவித்தொகை போனது. சென்னையிலும் எஃப்.ஏ. (அன்றைய கல்லூரி முதல்நிலைத் தேர்வு) தேறவில்லை. 1910-ல் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரிடம் வேலை கேட்டுப் போனார். அவர்தான் இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவரை ரெவின்யூ ஆபீசில் உட்கார வைத்து முடக்க மனமில்லை என்று அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பிறகு கலெக்டர் ராமச்சந்திர ராவின் ஆதரவு, துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் வேலை, அங்கே கணிதம் அறிந்த மேலதிகாரி நாராயண ஐயரின் துணை. கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போனபோது முதலில் எழுதிய இருவரிடமிருந்து பயனில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் மூன்றாமவரான ஹார்டிக்கு. அதிலும் தவறான முடிவுகள் இருந்தன, முன்பே தெரிந்தவையும் இருந்தன. ஹார்டி உட்கார்ந்து அவற்றை மூன்றாகப் பிரித்தார்: தெரிந்தவை, சுவையானவை, புதியதும் பெரியதுமானவை. பதிலில் கேட்டது ஒன்றே ஒன்று: நிரூபணம் அனுப்பு.

தபால் போன மூன்று பேரும் படித்தவர்கள், ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே பல்கலைக்கழகத்துக்காரர்கள். ஒருவர்தான் வாசித்தார்.

கால்குலேட்டர் மாதிரி வேகமாகச் சொல்கிற பிள்ளை மேதைதானே?

அது வேறு திறமை. நல்ல திறமைதான், ஆனால் வேறு.

1825-ல் பிரிட்டிஷ் படையில் இருந்த வாரன் என்ற அதிகாரி எழுதிவைத்தது இது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாய்பாட்டுச் சொற்களைக் கொண்டு, அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிட வித்தியாசத்தில் அமைந்தது. முடிவு 52 நிமிடம் தள்ளிப் போனது. காகிதமும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் சொல்கிறார். முறையை உண்டாக்கியவர் ஒருவர், ஓட்டியவர் இன்னொருவர்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஓட்டுகிறவரைத்தான் கெட்டிக்காரர் என்றது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. எண்சுவடியைத் தலைகீழாகச் சொல்கிற பையனுக்கு மரியாதை. நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் அதுதான் வேண்டியிருந்தது, ஆகையால் அதில் தப்பும் இல்லை. இன்றைய அபாகஸ் வகுப்பு அதன் பேரன். பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அனுப்புங்கள். எண் பயம் போகும், கவனம் கூடும். "ஏன்?" என்று கேட்கும் பழக்கம் அதிலிருந்து வராது, அதற்கான வகுப்பும் அதுவல்ல.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

வாசலில் இருந்து தொடங்கலாம். மார்கழியில் நேர்ப்புள்ளி வைத்துப் போடுவதுதான்: 1, 3, 5, 7, 5, 3, 1. "மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேளுங்கள். 25 என்று வரும். யார் எவ்வளவு சீக்கிரம் சொன்னார்கள் என்று பார்க்காதீர்கள். எப்படி எண்ணினாய் என்று கேளுங்கள்.

ஒரு பிள்ளை வரிசையாகக் கூட்டியிருக்கும். சரி. இன்னொன்று மேல் பாதி 9, கீழ்ப் பாதி 9, நடுவில் 7 என்றிருக்கும். இது நன்று. அபூர்வமாக ஒரு பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது சாய்ந்த சதுரம்தானே? நாலுக்கு நாலு ஒன்று, அதன் இடுக்கில் மூணுக்கு மூணு ஒன்று. 16-ம் 9-ம்" என்று சொல்லும். அதோடு நிற்காமல், "அப்போ நடு வரிசை 9 வைத்தால் 25-ம் 16-ம் சேர்ந்து 41 வரும்" என்று கேட்காமலே அடுத்ததற்குப் போனால், நீங்கள் தேடியது அந்தப் பிள்ளை. ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. கேட்காத கேள்விக்குப் போவதுதான் அடையாளம்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பழைய புதிர் ஒன்று. ஒருவர் ஞாயிறு காலை 6 மணிக்கு அடிவாரத்தில் கிளம்பி, ஒரே பாதையில் நடந்து, இடையிடையே உட்கார்ந்து, மாலை 4 மணிக்கு ஏற்காடு ஏரிக்கரை சேருகிறார். மறுநாள் காலை 6 மணிக்கு அதே பாதையில் இறங்கி மதியம் 1 மணிக்கு அடிவாரம் வருகிறார். இரண்டு நாளும் சரியாக ஒரே மணிக்கு அவர் இருந்த இடம் ஒன்று அந்தப் பாதையில் கட்டாயம் இருக்குமா?

வேகம், தூரம், நேரம் என்று எழுதத் தொடங்கினால் சிக்கிக்கொள்வார்கள், தகவல் போதாது. "ஒரே நாளில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாமா? ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார். எதிரெதிரே வந்தால் எங்கேயாவது பார்த்துத்தானே ஆகணும்" என்று சொல்லும் பிள்ளை, கல்லூரியில் இடைமதிப்புத் தேற்றம் என்று படிக்கப் போவதை இங்கேயே தொட்டுவிட்டது.

இங்கே தவறுவது பெரியவர்கள்தான். இரண்டு நிமிடத்தில் விடையைச் சொல்லிவிடுவோம். ஒரு வாரம் விடுங்கள். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது தானாகத் திரும்பி வந்து பேசுகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கணக்கை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். மாதம் இரண்டு வீதம் ஆறு மாதம் கொடுத்து, தேதி போட்ட ஒரு நோட்டில் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி எழுதி வையுங்கள். தப்பாகச் சொன்னதையும்தான்.

சென்டம் எடுக்கிறாள். போதாதா?

சென்டம் கவனத்துக்கும் உழைப்புக்கும் அத்தாட்சி. புத்தகப் பின்பக்கக் கணக்கை ஐந்து முறை போட்டால் வரும். சென்டம் வாங்காதது திறமை இல்லாததற்கு அத்தாட்சி அல்ல என்பதைத்தான் ஊர் மறந்துவிடுகிறது. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று சொல்லிச் சொல்லி ஏழாம் வகுப்பு மார்க்கிலேயே கதையை முடித்துவிடுகிறோம். முளை தெரிய வேண்டுமானால் பார்க்கிறவருக்கு நெல் எது, புல் எது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

வெள்ளிப் பட்டறையில் கணக்கில் சூரன், பள்ளியில் ஃபெயில். எது நிஜம்?

இரண்டும் நிஜம். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி என்று வாயாலேயே சதவீதம் போடுகிற பையன், அதே கணக்கைப் பரீட்சைத் தாளில் பார்த்தால் மிரளுவான். 1985-ல் பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருவில் விற்கும் சிறுவர்களைப் பார்த்தார்கள். வியாபாரத்தில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தால் 37. 2025-ல் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் செய்த ஆய்விலும் இதே கதைதான். பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது: அவன் வாயால் போட்ட கணக்கை அவன் கண்ணெதிரே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். "நூற்றுக்கு ரெண்டரைன்னா நாற்பதுக்கு ஒண்ணு" என்று அவன் சொன்னதுதான் 2.5/100 = 1/40 என்று தெரிந்த அன்றைக்குப் பாதி பயம் போய்விடும். குகை, அம்மாப்பேட்டை, இளம்பிள்ளை நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தறியில் பூ வேலைப்பாட்டை நடத்தும் ஜக்கார்டு அட்டையே பாடம். துளை உண்டு, துளை இல்லை: கம்ப்யூட்டரின் ஒன்றும் பூஜ்யமும் அவர்கள் வீட்டுத் தறியில் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டன.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு அவ்வளவு வராது என்கிறார்களே?

1890-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ஃபிலிப்பா ஃபாசெட் முதல் மாணவரைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். பெண் என்பதால் "முதல் மாணவருக்கு மேலே" என்று மட்டும் அறிவித்தார்கள், பட்டம் கொடுக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1948-ல். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் 1936-ல் தொடங்கியது. முதல் பெண், ஈரானின் மரியம் மிர்சாகானி, 2014-ல். அடுத்தவர் உக்ரைனின் மரினா வியாசோவ்ஸ்கா, 2022-ல்.

2017-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு: ஐந்து வயதில் பெண் குழந்தைகள் "ரொம்ப ரொம்பக் கெட்டிக்காரர்" என்று தங்கள் பாலினத்தவரையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் அது குறைந்துவிட்டது. பள்ளி மதிப்பெண்ணில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆக அந்தப் பேச்சு பிள்ளை காதில் விழுவது ஒன்றாம் வகுப்பிலேயே. "பையன் மூளைக்காரன், சோம்பேறி. பொண்ணு உழைப்பாளி" என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிற வாக்கியம் பாராட்டு மாதிரி இருக்கும். அதை நிறுத்தினாலே பாதி வேலை ஆகிவிடும்.

தமிழ் வழியில் படிப்பவர் சர்வதேச அளவுக்குப் போக முடியுமா?

சர்வதேச ஒலிம்பியாடில் ஒவ்வொரு மாணவரும் தன் மொழியிலேயே வினாத்தாள் வாங்கி, தன் மொழியிலேயே விடை எழுதலாம். மொழிபெயர்ப்பது அந்தந்த நாட்டுக் குழுத் தலைவர்கள். சிக்கல் அதற்கு முந்தைய படிகளில்தான். இந்தியச் சுற்றுகளுக்கான நல்ல பயிற்சிப் பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எட்டாம் வகுப்பில் ஓர் எண்பது சொற்களை இருமொழியிலும் பழக்கிவிடுங்கள்: வகு எண், மீதி, பகா எண், நாண், தொடுகோடு, சர்வசமம், வரிசை மாற்றம் இப்படி. மூன்று வாரத்துக்கு மேல் ஆகாது. யோசிப்பது தமிழிலேயே இருக்கட்டும்.

எந்தத் தேர்வுகளை எழுதலாம்?

சென்னையில் 1965-லிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறிப் போட்டி நல்ல தொடக்கம். வகுப்பு வாரியாக நிலைகள் உண்டு: ஐந்து, ஆறுக்கு காஸ், ஏழு, எட்டுக்கு கப்ரேக்கர், ஒன்பது, பத்துக்கு பாஸ்கரா, அதற்கு மேல் ராமானுஜன்.

ஒலிம்பியாட் பாதை எட்டாம் வகுப்பிலிருந்து. முதல் படி செப்டம்பர் வாக்கில்: 3 மணி நேரம், 30 கணக்கு, 100 மதிப்பெண், ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரை ஒரு முழு எண். விடை 7 என்றால் 07 என்று இரண்டு வட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும் இதில் மதிப்பெண் விடுபவர்கள் உண்டு. அடுத்தது வட்டாரச் சுற்று: 6 கணக்கு, 3 மணி நேரம், முழு நிரூபணம். பிறகு ஜனவரியில் தேசியச் சுற்று: 6 கணக்கு, நாலரை மணி நேரம். அதிலிருந்து பயிற்சி முகாம், முகாமிலிருந்து ஆறு பேர். பதிவு பள்ளி வழியாகத்தான் பெரும்பாலும் நடக்கும். ஜூன் மாதமே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள், ஆகஸ்டில் ஓடினால் கதவு சாத்தியிருக்கும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே செய்யுங்கள்.

பெயரில் ஒலிம்பியாட் இருப்பதெல்லாம் இதுவல்ல. ஒரு மணி நேரத்தில் ஐம்பது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கட்டணம் வாங்கி, கலந்துகொண்ட எல்லாருக்கும் பதக்கம் தருவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

வசதி குறைந்த வீடுகளுக்கு: எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு, தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இது மேதையைத் தேடுகிற தேர்வல்ல, ஆனால் தேடப்படும் வரை பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கும். அதுவும் பெரிய காரியம்.

பிள்ளை தானாகவே ஏதோ கண்டுபிடித்திருக்கிறான். யாரிடம் காட்டுவது?

முதலில் அவன் பள்ளி ஆசிரியர். பிறகு பக்கத்துக் கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்திலோ கணிதத் துறை. அதற்கு மேல் சென்னை: சிறுசேரியில் சி.எஸ். சேஷாத்ரி தொடங்கிய சென்னைக் கணிதவியல் கழகம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் நிறுவனம். சேஷாத்ரியையும் எம்.எஸ். நரசிம்மனையும் லயோலா கல்லூரியில் அடையாளம் கண்டு உயர் ஆராய்ச்சிக்குத் திருப்பியவர் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன். அந்த மாதிரி ஒரு கண் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒருவரோடு நிறுத்தாதீர்கள்.

கடிதம் ஒரு பக்கம். முதல் வரியில் வகுப்பும் ஊரும். இரண்டாம் வரியில் கண்டது என்ன என்பது, ஓர் எடுத்துக்காட்டோடு. பத்து முடிவு இருந்தாலும் சிறந்த ஒன்றை மட்டும். அடுத்து நிரூபணம், அல்லது "1 முதல் 200 வரை சரிபார்த்தேன், நிரூபணம் இந்த இடத்தில் நிற்கிறது" என்ற நேரான வாக்கியம். எங்கே சிக்கினான் என்று சொல்வது பலவீனம் அல்ல. வாசிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். "அடுத்த ராமானுஜன்" என்று பெற்றோர் எழுதினால் கடிதம் அங்கேயே மடிக்கப்படும். எந்தக் கோணத்தையும் அளவு குறிக்காத கோலும் கவராயமும் மட்டும் கொண்டு மூன்று சம பாகமாகப் பிரித்துவிட்டேன் என்றும் எழுத வேண்டாம். அது முடியாது என்று 1837-லேயே நிரூபித்தாயிற்று. அப்படி ஒன்று தோன்றியிருந்தால், தப்பு எந்த அடியில் என்று தேடச் சொல்லுங்கள், அந்தத் தேடலில் நிறையக் கற்றுக்கொள்வான்.

எழுதியது பிள்ளையின் கையெழுத்தாகவே இருக்கட்டும். சுத்தமாகப் படம் எடுத்து அனுப்பினால் போதும், டைப் அடிக்க வேண்டியதில்லை. ஆறு வாரம் பொறுங்கள். "இது முன்பே தெரிந்த முடிவு" என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம், யாருடைய முடிவு, எந்த நூலில் என்று திருப்பிக் கேளுங்கள். பதிலே வரவில்லையென்றால் அதே கடிதத்தை அடுத்தவருக்கு அனுப்புங்கள்.